புதுப்பிப்பு: பிரிட்டன் சூப்பர்மார்க்கெட் மாட்டுக்கறி, எந்தப் பாக்கெட் எதற்கு?

ஷின், பிரிஸ்கெட், டாப்சைட், சில்வர்சைட் என்று பெயர் மட்டும் ஒட்டிய பாக்கெட்டுகளில் குழம்புக்கு எதை வாங்குவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சமைத்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

குழம்புக்கு ஷின்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. அது கால் தசை, மாடு நடந்து நடந்து உரமேறிய இடம். நடுவே ஓடும் வெள்ளைச் சவ்வைப் பார்த்துப் பயந்து வெட்டி எறிந்துவிடாதீர்கள். அதில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் சிறு தீயில் 3 மணி நேரம் வெந்தால் ஜெலட்டினாகக் கரைந்து குழம்புக்கே ஒரு கொழகொழப்பைக் கொடுக்கிறது. குக்கரில் முக்கால் மணி நேரம் போதும். பிரிஸ்கெட் நெஞ்சுப் பகுதி. கொழுப்பு கூடுதல், வேகவைக்கும் முறை அதேதான்.

டாப்சைடும் சில்வர்சைடும் பின்தொடை. சிவப்பாக, சுத்தமாக இருப்பதால் கை முதலில் அங்கேதான் போகும். கொழுப்பும் சவ்வும் குறைவு என்பதால் துண்டு போட்டுக் கொதிக்கவிட்டால் வறண்டுபோகிறது. டாப்சைடை நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்கி, மிளகு போட்டுச் சட்டென்று வறுத்தால் அருமை.

‘பிரேசிங் ஸ்டேக்’ பெரும்பாலும் தோள்பட்டைப் பக்கத்துக் கறி. ஷின் கிடைக்காத நாளில் தயங்காமல் வாங்குங்கள். சர்லாய்ன் முதுகுப் பக்கத்து மென்மையான, விலை கூடிய கறி. அதைக் குழம்பில் போடாதீர்கள், கொடுத்த விலைக்குப் பாவம்.

கொத்துக்கறி பற்றிக் கேட்டவருக்கு: பாக்கெட்டில் 5, 12, 20 என்று இருப்பது கொழுப்புச் சதவீதம். கோலா உருண்டைக்கு 12 எடுங்கள், 5 வறண்டுவிடும்.