ஹாலைத் தடுக்க டிரைவால் போடலாமா? அப்பா 'அட்டைச் சுவர்' என்கிறார்

சாட்ஸ்வர்த்வாசி:
வணக்கம். ஆயாவுக்கு இனி மாடி ஏற முடியாது, அதனால் கீழே ஹாலைத் தடுத்து ஒரு ரூம் பண்ணலாம் என்று இருக்கிறோம். செங்கல் வைத்தால் பாரம் தாங்க கீழே அஸ்திவாரம் இல்லை, டிரைவால் (சட்டம் நிறுத்திப் பலகை அடிக்கிற சுவர்) போட்டு நாலு நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார் பில்டர். அப்பாவோ பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, டொக் டொக்கென்கிறது, இது அட்டைப்பெட்டி என்று ஒரே பிடிவாதம். ஆயா அந்த ரூமில்தான் சாமி படம் மாட்டி விளக்கேற்றுவார், கற்பூரமும் உண்டு. நெருப்பை நினைத்தால் எனக்கும் பயம்தான். இதற்குள் என்னதான் இருக்கிறது?

பலகைக்காரன்:
அட்டை வெளியே மட்டும்தான் தம்பி, உள்ளே இருப்பது கல். ஜிப்சம் என்று ஒரு கல், நம் தென்னாப்பிரிக்காவிலேயே நார்தர்ன் கேப் மாகாணத்தில் வெட்டுகிறார்கள். அதன் எடையில் 21 சதவீதம் தண்ணீர், கல்லோடு கல்லாகக் கலந்த தண்ணீர், தொட்டால் ஈரம் தெரியாது. ஃபேக்டரியில் அரைத்து சுமார் 150 டிகிரியில் சுட்டால் முக்கால்வாசித் தண்ணீர் போய் மாவாகிவிடும் (எலும்பு முறிந்தால் கட்டுகிறார்களே மாவுக்கட்டு, அதே சரக்கு). அதில் மறுபடி தண்ணீரும் நுரையும் சேர்த்துக் குழைத்து, ஓடும் பெல்ட்டில் விரித்த தாள் மேல் ஊற்றி, மேலே இன்னொரு தாளை மூடுவார்கள். சில நிமிஷத்தில் இறுகித் திரும்பவும் கல். அப்புறம் வெட்டி, அடுப்பில் உலர்த்தி, லாரியில் ஏற்ற வேண்டியதுதான்.

நெருப்புப் பட்டால் மேல்தாள் கருகும், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகத் தொடங்கும். அது தீரும்வரை சுவரின் மறுபக்கம் 100 டிகிரிக்கு மேல் அவ்வளவாகப் போகாது. ஸ்டட்டுக்கு (சுவருக்குள் நிற்கிற செங்குத்துச் சட்டம்) இரு பக்கமும் 12.5 மில்லிமீட்டர் பலகை ஒவ்வொன்று ஒழுங்காக அடித்தாலே பொதுவாக அரை மணி நேரம் தாங்கும். கற்பூரத்துக்குப் பயப்பட வேண்டாம், ஜன்னல் திரையைத் தள்ளிக் கட்டுங்கள், அதுதான் முதலில் பற்றும். டொக் டொக் சத்தத்துக்கு உள்ளே இன்சுலேஷன் பஞ்சு வைக்கச் சொல்லுங்கள்.

இசிப்பிங்கோ_அக்கா:
நெருப்பை விடுங்கள், டர்பனில் இதற்கு எமன் தண்ணீர். எங்கள் வீட்டில் போட்ட ஆள் பலகையைத் தரையோடு ஒட்டி நிறுத்திவிட்டுப் போனார். தினமும் தரை துடைக்கிற ஈரத்தையே அது திரி மாதிரி உறிஞ்சி, ஆறே மாதத்தில் ஸ்கர்ட்டிங்குக்கு மேலே ஒரு சாண் உயரம் கறுப்புப் பூஞ்சை. விரலை வைத்தால் ஊறின ரஸ்க் போல உள்ளே போனது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மிச்சமும் போயிற்று, முழுக்க வெட்டித்தான் எறிந்தோம். இந்தத் தடவை தரையிலிருந்து 10 மில்லிமீட்டர் தூக்கி நிறுத்தச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். ஆயா ரூமுக்கு மறுபக்கம் பாத்ரூம் இருந்தால் அங்கே ஈரம் தாங்குகிற பச்சைத் தாள் பலகைதான், மறக்காதீர்கள்.

சாட்ஸ்வர்த்வாசி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. இன்னொன்று. விளக்கு வைக்க மர ஷெல்ஃப், அதில் இரண்டு பித்தளைக் குத்துவிளக்கு. தாங்குமா?

பலகைக்காரன்:
வெறும் பலகையில் அடித்தால் இன்றில்லாவிட்டால் நாளை பிய்த்துக்கொண்டு வரும். ஒரு பக்கம் அடித்தாயிற்று, மறுபக்கம் மூடவில்லை என்கிற நிலையில் பில்டரை நிறுத்தி, ஷெல்ஃப் வரும் உயரத்தில் ஸ்டட்டுக்கு ஸ்டட் ஒரு பைன் கட்டையைக் குறுக்கே முடுக்கச் சொல்லுங்கள். டேப்பைப் பிடித்து ஃபோட்டோ எடுத்து வையுங்கள், மூடின பிறகு கட்டை எங்கே என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஸ்க்ரூ தலை தாளை லேசாகக் குழித்து நிற்க வேண்டும், தாள் கிழிந்தால் அந்த ஸ்க்ரூ இருந்தும் இல்லாத மாதிரி. ஆத்திரக்கார ஆட்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

சாட்ஸ்வர்த்வாசி:
அப்பாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன், அசையவில்லை. பக்கத்தில் இருந்த ஆயாதான் சிரித்தார். டர்பனிலேயே கேட்டோ மேனரில் மரமும் தகரமுமாக இருந்த வீட்டில் பிறந்தவர், அறுபதுகளில் நிறவெறி அரசு இங்கே சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பும்வரை அதே வீட்டில்தான் விளக்கேற்றினாராம். "உங்கப்பன் அந்த வீட்லதான் பொறந்தான், கேளு" என்றார். திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.