சாதி பற்றிச் சொல்ல 8–10 வயசுக்கு ஏற்ற கதை வேண்டும்

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பக்கம் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பாயில்தான். தீண்டாமை என்று வந்தால் மட்டும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

1955இல் அமெரிக்காவின் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையருக்காக பஸ் சீட்டை விட்டு எழ மறுத்ததைச் சொன்னால் "நானா இருந்தா இறங்கவே மாட்டேன்" என்று ஒரே சத்தம். 1924 வைக்கம் போராட்டம், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கக்கூட விடவில்லை என்பது வரைக்கும் சரி. ஆனால் பள்ளியில் அம்பேத்கர் குழாயைத் தொடக்கூடாது, பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர் என்றதும் இரண்டு மூன்று தலைகள் ஒரு பையன் பக்கம் திரும்பின. அவன் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், அப்புறம் வாயே திறக்கவில்லை.

நரி, முயல் என்று மாற்றிப் பார்த்தேன், விஷயமே காணாமல் போனது. நாடகம் என்றால் யாருக்கு எந்த வேஷம் என்பதிலேயே சண்டை. சேலம் புத்தகக் கடைகளில் கேட்டால் தலைவர்கள் வரலாறுதான் தருகிறார்கள் (பிறந்த தேதியும் பட்டமும், பிள்ளைகள் தூங்கிவிடும்).

ஒதுக்கப்பட்ட பிள்ளை அழுதுகொண்டு நிற்காமல், கெட்டிக்காரத்தனமாகத் திருப்பிக் கேள்வி கேட்கிற தமிழ்க் கதைப் புத்தகம் இந்த வயசுக்கு எது இருக்கிறது?