புதுப்பிப்பு: ஆங்கில ‘எ’, ‘ஆன்’ (a, an) சொல்லிக்கொடுப்பது

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ‘எ’, ‘ஆன்’ எங்கே வரும் என்று எப்படிப் புரியவைப்பது என இங்கே கேட்டிருந்தேன். ‘எழுத்தைப் பார்க்காமல் ஓசையைக் கேட்கச் சொல்லுங்கள்’ என்றீர்கள். சரி, ‘ஆன் அவர்’ (an hour), ‘எ யூனிஃபார்ம்’ (a uniform) இரண்டும் சட்டென்று பிடிபட்டுவிட்டன. தமிழ் வகுப்பில் ‘ஓர் ஆடு, ஒரு மாடு’ படித்தவர்களுக்குச் சிரமமே இல்லை.

சிக்கல் ‘ஹவுஸ்’ஸில்தான். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து வந்த எங்கள் ஊர்ப் பேச்சுமொழி) பேசும் வாய்க்கு ‘ஹ’ எளிதில் வராது. ‘அவுஸ்’ என்கிறார்கள், ‘ஆன் ஹவுஸ்’ என்று எழுதுகிறார்கள். உயிரோசைக்கு முன்னால் ‘ஆன்’ என்ற விதிப்படி பார்த்தால் நியாயம் அவர்கள் பக்கம்! அதனால் இப்போது உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து ஹவுஸ், ஹார்ஸ், ஹேட் சொல்லச் சொல்கிறேன். தொடக்கத்திலேயே மூச்சு கையில் பட்டால் ‘எ’. ‘அவர்’ சொன்னால் அப்படிப் படாது. அப்புறம்தான் நோட்டு. ‘ரைஸ்’, ‘வாட்டர்’ முன்னால் இரண்டுமே வராது என்பது அடுத்த வாரம்.