புதுப்பிப்பு: புஷ் 3 வாங்கலாமா? முடிவு எடுத்தாயிற்று

ஏபிள்டன் லைவ் என்ற இசையமைப்பு மென்பொருளில் மவுஸை வைத்தே காலம் தள்ளுகிறேன், அதற்கென்றே வரும் புஷ் 3 என்ற பேடு கருவியை வாங்கலாமா, லாஞ்ச்பேட் என்ற எளிய பேடு கருவி போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "முதல்ல கை வச்சுப் பாருங்க" என்று பலரும் சொன்னதால், நண்பரிடம் இரவல் வாங்கி வாசித்துப் பார்த்தேன்.

என்னை இழுத்தது அதன் 64 பேடுகள்தான், அதாவது விரலால் தட்டி வாசிக்கும் சதுரப் பொத்தான்கள். எம்.பி.இ. வகை (ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வளைக்க விடும் முறை) என்பதால் ஒவ்வொரு விரலின் அழுத்தமும் நகர்வும் தனியாகப் பதிவாகின்றன. சாதாரண கீபோர்டில் சுருதியை வளைக்கும் சக்கரமான பிட்ச் வீல், ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைத்துவிடும். இதில் ஒரு கையால் ஷட்ஜத்தைப் பிடித்தபடி, மறு கையால் காந்தாரத்தை மட்டும் அசைக்கலாம். வீணைக் கமகம் அளவுக்கு வராது. ஆனால் திரையில் மவுஸால் சுருதிக் கோடு வரைந்து கொண்டுவருவதைவிட எவ்வளவோ மேல். மென்பொருளில் ஒலிக்கும் வாத்தியமும் எம்.பி.இ.யை ஏற்பதாக இருக்க வேண்டும். லைவில் உள்ள வேவ்டேபிள், ட்ரிஃப்ட் என்ற இரண்டு சின்தசைசர் வாத்தியங்களும் ஏற்கின்றன.

பாட்டை வெட்டி ஒட்டி அடுக்கும் வேலைக்கு மட்டும் இன்னும் மவுஸ்தான். அதில் எந்த மாற்றமும் இல்லை.

சரி, முடிவு: வாங்குகிறேன், ஆனால் கணினி இல்லாமலே ஓடும் விலை கூடிய வகையை அல்ல. மடிக்கணினி எப்படியும் பக்கத்திலேயே இருக்கிறது. தேவைப்பட்டால் அந்த வசதியைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக், ஸ்பீக்கரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) உள்ளேயே இருப்பதால் பழையதை விற்றுவிடுவேன்.

கிளிப்களை, அதாவது பாட்டின் சிறு துண்டுகளைத் தட்டி ஓடவிட மட்டும் என்றால் லாஞ்ச்பேட் தாராளமாகப் போதும். எஃப்.எல். ஸ்டுடியோ என்ற வேறொரு இசை மென்பொருளில் வேலை செய்பவர்கள் புஷ் பக்கமே போகாதீர்கள், அது லைவுக்கென்றே செய்தது.