கிளட்சை விட்டதும் 'டொக்' சத்தம், 60க்கு மேல் அதிர்வு: கிராஸ் மட்டும் மாற்றினால் போதுமா?

செம்மண்தடம்:
நண்பர்களே, என்னுடையது சின்ன ஃபோர் வீல் டிரைவ் வண்டி. முன்னும் பின்னும் முழு ஆக்சில், நடுவில் தனி டிரான்ஸ்பர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், 2 அங்குலம் உயர்த்தியிருக்கிறேன். முதல் கியரில் கிளட்சை விடும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் அடியில் 'டொக்' என்கிறது. 60ஐத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஓர் அதிர்வு, அந்த வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிட்டாலும் அது நிற்பதில்லை. விசையைக் கடத்தும் மூன்று ப்ரொப்பல்லர் ஷாஃப்டையும் (முன், பின், நடுவில் ஒரு குட்டை) மொத்தமாக மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஷாஃப்ட் முனையில் மடங்கும் இணைப்பான கிராஸை மட்டும் மாற்றினால் போதாதா? வைஸ், சாக்கெட் செட், கிரீஸ் கன் எல்லாம் வீட்டில் இருக்கிறது.

கியர்ப்பெட்டி:
நியூட்ரலிலும் வருகிறது என்றால் என்ஜின், கிளட்ச் பக்கம் போக வேண்டாம், சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றுதான். முன் ஹப்பில் ஃப்ரீ வீல் லாக் (சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கவும் பிரிக்கவும் உள்ள பூட்டு) இருந்தால் அதைத் திறந்துவிட்டு டூ வீல் டிரைவில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். அப்போது முன் ஷாஃப்ட் சுற்றாது. அதிர்வு போய்விட்டால் கோளாறு முன்பக்கம், போகாவிட்டால் பின்பக்கம் அல்லது நடுவில் இருக்கும் குட்டை ஷாஃப்ட். சக்கர பேலன்ஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் வண்டிக்கு அடியில் போய் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். முறுக்கும்போது கிராஸ், அதைப் பிடித்திருக்கும் கவையான யோக்குக்குள் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் அது முடிந்த கதை. கிராஸின் நுனிகளை மூடியிருக்கும் கப் ஓரத்தில் சிவப்பாகத் துருப்பொடி கசிந்திருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்து ஊசி பேரிங் அரைபடுகிறது. ஷாஃப்டோடு சேர்ந்து டிஃபரன்ஷியல் ஃபிளான்ஜும் (ஷாஃப்ட் போல்ட்டில் சேரும் தட்டு) மேலும் கீழும் ஆடினால் அது பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் போகும் அச்சு) பேரிங், கிராஸ் மாற்றி அது சரியாகாது.

குழாயில் ஒட்டிக் காய்ந்திருக்கும் சேற்றையும் சுரண்டி எடுங்கள். ஒரு பக்கமாக ஒட்டிய சேறே ஷாஃப்டின் பேலன்ஸைக் கெடுத்துவிடும்.

ஸ்பேனர்17:
கழற்றுவதற்கு முன்னால் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சில சின்ன வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்கம் இருக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது, கியரில் போட்டிருந்தாலும் பின்சக்கரம் நிற்காது. வண்டி உங்கள் மேலேயே உருளும், இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது குறி. ஃபிளான்ஜ், யோக், ஸ்ப்லைனின் (ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடும் பல் இணைப்பு) இரண்டு பாதி, எல்லாவற்றிலும் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

கிராஸை வைஸில் வைத்து, ஒரு பக்கம் சின்ன சாக்கெட், மறுபக்கம் கப் உள்ளே போகிற அளவு பெரிய சாக்கெட் கொடுத்து அழுத்தினால் பழைய கப் வெளியே வரும். புதியதை ஏற்றும்போதுதான் பலருக்கும் சிக்கல். கப்புக்குள் ஓர் ஊசி சாய்ந்து அடியில் படுத்துவிட்டால் கப் முழுசாக உட்காராது, கப்பைப் பூட்டும் வளையமான சர்க்ளிப்பின் பள்ளம் பாதிதான் தெரியும். அந்த நேரத்தில் பலம் போடாதீர்கள், வெளியே எடுத்து ஊசிகளைக் கெட்டி கிரீஸில் ஒட்டி நிற்க வைத்து மறுபடி ஏற்றுங்கள். சர்க்ளிப் நான்கும் உட்கார்ந்ததும் யோக்கின் காதில் சுத்தியலால் லேசாகத் தட்டினால் இறுக்கம் விடும். கையால் அசைத்தால் எல்லாப் பக்கமும் தடையில்லாமல் மடங்க வேண்டும்.

கப் வெறும் கை அழுத்தத்திலேயே யோக்குக்குள் வழுக்கிப் போனால் யோக்கின் துளை தேய்ந்துவிட்டது. அப்படியிருந்தாலோ, குழாயில் நசுங்கல் இருந்தாலோ, ஸ்ப்லைனில் ஆட்டம் இருந்தாலோதான் முழு ஷாஃப்ட். மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றத் தேவையில்லை.

கல்மேடு:
2 அங்குலம் உயர்த்தியதாகச் சொல்கிறீர்கள், எப்படி உயர்த்தினீர்கள்? பட்டையை மாற்றியா, ஷாக்கிளை (பட்டையின் முனையைச் சட்டத்தோடு சேர்க்கும் இணைப்பு) நீட்டியா? இரண்டும் ஒன்றல்ல. கிராஸ் கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனையில் இருக்கும் கிராஸ் அதே கோணத்தில் இருந்தால்தான் அந்த ஏற்ற இறக்கம் அடிபட்டுப் போகும். பட்டையை மாற்றி நேராக உயர்த்தினால் இரண்டு முனைக் கோணமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கூடும், பெரிய தொல்லை வராது. ஷாக்கிள் நீட்டினால் ஆக்சிலே திரும்பி பினியனின் முகம் மாறிவிடும், அப்போது பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். போனில் கோணம் அளக்கும் செயலி இருந்தால் இரண்டு ஃபிளான்ஜிலும் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருந்தால் நல்லது.

செம்மண்தடம்:
அனைவருக்கும் நன்றி. பட்டையை மாற்றித்தான் உயர்த்தினேன், கோண வித்தியாசம் 1 டிகிரிக்குள்தான் வருகிறது. ஹப்பைத் திறந்து ஓட்டியும் அதிர்வு போகவில்லை. பின் ஷாஃப்டில் டிஃபரன்ஷியல் பக்கக் கிராஸில் துருப்பொடி இருக்கிறது. இன்னொன்று, அதே ஷாஃப்டின் இரண்டு முனை யோக்கும் ஒரே நேர்கோட்டில் இல்லை, கொஞ்சம் திரும்பி நிற்கிறது. அப்படித்தான் இருக்குமா?

ஸ்பேனர்17:
இருக்கக் கூடாது! யாரோ முன்பு ஸ்ப்லைனைப் பிரித்து, பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். சத்தத்துக்குக் கிராஸ், அதிர்வுக்குப் பெரும்பாலும் இது. ஸ்ப்லைனைப் பிரித்து, இரண்டு யோக்கின் காதுகளும் ஒரே நேராக வருகிற மாதிரி மாட்டுங்கள். இந்த ஒரு இடத்தில் பழைய குறியைப் பின்பற்ற வேண்டாம்.

கிரீஸ் லித்தியம் ஈ.பி.2 போதும். கிராஸில் நான்கு சீலிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள், ஸ்ப்லைனில் அளவாக, அங்கே நிறைந்துவிட்டால் ஷாஃப்ட் சுருங்க இடமிருக்காது. ஆழமான தண்ணீரில் இறங்கி ஏறினால் அன்றைக்கே மறுபடி ஒருமுறை அடித்துவிடுங்கள். ஃபிளான்ஜ் போல்ட்டுக்குப் புது லாக் நட், கைப்புத்தகத்தில் போட்டிருக்கும் டார்க் (இறுக்க அளவு). கொஞ்சம் ஓட்டிவிட்டு அதை மறுபடி சரிபாருங்கள்.