ஊரிக்கா பள்ளத்தாக்கு: அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

மொரோக்கோ போய் வந்தவங்க யாராவது இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. நானும் அம்மாவும் இப்ப மராக்கேஷ்ல இருக்கோம். நேத்து ஊரிக்கா போகணும்னு கார் பேசினோம். டிரைவர் வழியில ஒரு ஆர்கன் எண்ணெய் (ஆர்கன் மரக் கொட்டையில எடுக்கிறது) கடையில நிறுத்தி ஒன்றரை மணி நேரத்தைத் தின்னுட்டார். ஆனா அங்க ஒரு பாட்டி கல் திருகையில அந்தக் கொட்டைப் பருப்பை அரைச்சது அழகு. பழுப்பு விழுது சொட்டுச் சொட்டா வடிஞ்சுது. அம்மா எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டாங்க! அப்படியே இருட்டிடும்னு பாதியிலேயே திரும்பிட்டோம்.

மறுபடி போகணும். இந்தத் தடவை ஷேர் டாக்சியில செட்டி ஃபத்மா கிராமம் வரைக்கும், 60 கி.மீ. சொச்சம். அங்க இருக்கிற ஏழு அருவியில முதலாவதுக்கே பாறை ஏறணுமாமே, முட்டிவலி இருக்கிறவங்களுக்குச் சரிப்படுமா? ஆத்தைக் கடக்கிற பலகைப் பாலங்கள் ரொம்ப ஆடுமா? இல்லேன்னா அம்மாவை ஆத்தோரச் சாப்பாட்டுக் கடையில உட்கார வெச்சுட்டு நான் மட்டும் ஏறிடுவேன்.

இன்னொண்ணு, பெர்பர் (அந்த மண்ணோட பூர்வகுடிகள்) கிராமத்து வீட்டில ஒரு ராத்திரி தங்கியிருக்கீங்களா? நாங்க சைவம். காய்கறி தஜீன் (மண்சட்டியில வேகவெக்கிற குழம்பு) கிடைக்கும், ஆனா கறிச்சாறு சேர்க்காம செய்வாங்களா? திங்கள்கிழமை போனா வழியில த்னீன் ஊரிக்கா ஊர்ச் சந்தையும் பார்க்கலாம். அன்னிக்கு டாக்சி கிடைக்கிறது கஷ்டமா?

1995 ஆகஸ்ட்ல அங்க வந்த வெள்ளத்தைப் பத்திப் படிச்சதிலிருந்து மழை பயமும் இருக்கு. மேகம் கட்டினா கிளம்பாம இருக்கிறதுதான் நல்லதா?