குண்டு மிளகாய்க்கு எத்திஃபான் அடித்தவர்கள் இருக்கிறீர்களா?

தேவிபட்டினம் பக்கம் மானாவாரியில் குண்டு மிளகாய் போட்டிருக்கிறோம், ஒரே செடியில் பாதி பழம் சிவந்தும் மீதி காம்போரம் பச்சையாகவும் நிற்கிறது, அப்படியே பறித்துக் காயப்போட்டால் அந்த இடம் வெளிறி வத்தலின் விலை விழுந்துவிடும். ஆப்பிளுக்கே நிறம் ஏற எத்திஃபான் (பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவை வெளிவிடும் மருந்து) அடிக்கிறார்கள், நீங்களும் அடியுங்கள் என்கிறார் மருந்துக்கடைக்காரர். ஆனால் ஆப்பிள் தோலின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி, மிளகாயின் சிவப்பு கரோட்டினாய்டு என்ற நிறமி, இரண்டும் வேறு, அங்கே பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. அப்புறம், எத்திஃபானிலிருந்து வரும் எத்திலீன் ஆப்பிளையே சீக்கிரம் மெத்தென்று ஆக்கி உதிர்த்தும் விடும், உதிர்வதைத் தடுக்கத் தனியாக என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியை அடிக்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் இது, காரமும் சத்தும் குறைந்துவிட்டால் நிறம் மட்டும் வந்து என்ன செய்ய? அடித்துப் பார்த்த அண்ணன்மார், அக்காமார் யாராவது அளவு, பருவம், இலை கொட்டியதா, வத்தலில் நிறம் நின்றதா என்று விவரமாகச் சொல்லுங்கள். அடுத்த பறிப்புக்குள் முடிவெடுக்க வேண்டும்.